ஒரு லட்சம் டாலர் செய்தியை எப்படிப் படித்திருக்க வேண்டும்?

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்க வேலை விசாவான எச்-1பி பற்றிய ஒரு பிரகடனத்தில் அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்டார். மறுநாள் காலை நம் ஊரில் கைபேசியை எடுத்தவர்கள் கண்ணில் மூன்று செய்திகள் பட்டன. இனி எச்-1பிக்கு வருடா வருடம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அமெரிக்கா திரும்பாதவர்கள் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர்கள் அடித்துப்பிடித்து டிக்கெட் தேடினார்கள். பெரிய நிறுவனங்களே ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பின. புறப்பட இருந்த விமானத்திலிருந்து இறங்கிக்கொண்டவர்களும் உண்டு.

ஒரே நாளில் படம் மாறியது. வெள்ளை மாளிகைச் செய்திச் செயலாளர் கரோலின் லீவிட் சனிக்கிழமை எக்ஸ் தளத்தில் விளக்கம் கொடுத்தார்: இது ஆண்டுக் கட்டணம் இல்லை, ஒரு முறை கட்டுவது, புதிய மனுக்களுக்கு மட்டும், விசா கையில் இருப்பவர்கள் வழக்கம்போல் போய் வரலாம். குடியுரிமை, குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸும் அன்றே ஒரு குறிப்பாணை வெளியிட்டது.

இதை 'வதந்தி' என்று ஒதுக்கினால் பாடம் கிடைக்காது. மூன்று செய்திகளும் மூன்று வேறு இடங்களில் பிறந்தவை. 'வருடா வருடம்' என்பதை யாரோ முகம் தெரியாத ஆள் கிளப்பிவிடவில்லை; கையெழுத்து நிகழ்ச்சியில் வணிகத் துறை அமைச்சர் ஹோவர்டு லட்னிக்கே சொன்னார். ஆனால் பிரகடன வாசகத்தில் 'ஆண்டுதோறும்' என்ற சொல் கிடையாது. 'ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கும்' என்ற பயம் வாசகத்திலேயே இருந்த தெளிவின்மையால் வந்தது. மனுவோடு பணம் கட்டாதவர்கள் நாட்டுக்குள் நுழைவதற்குக் கட்டுப்பாடு என்று எழுதிவிட்டு, அந்த நேரம் வெளிநாட்டில் இருப்பவர்கள் நிலை என்ன என்று அது பளிச்சென்று சொல்லவில்லை. ஆகவே வழக்கறிஞர்கள் எச்சரித்தது நியாயம். மூன்றாவது, அதாவது கெடு, மட்டும் வாசகத்தில் அப்படியே இருந்தது: செப்டம்பர் 21, கிழக்கு அமெரிக்க நேரம் நள்ளிரவு 12:01. இந்திய நேரத்தில் ஞாயிறு காலை 9:31.

பேசுபவர் பதவியைவிட, அவர் பேசியது எந்த வடிவில் இருக்கிறது என்பதற்கே எடை அதிகம். கையெழுத்தான வாசகம் முதலில். அதை நடைமுறைப்படுத்தும் துறையின் எழுத்து விளக்கம் அதற்கு இணையாக. செய்திச் செயலாளரின் பதிவு அடுத்த படி. அமைச்சர் மைக் முன்னால் சொன்னது அதற்கும் கீழே. அதைக் கேட்டுவிட்டு இன்னொருவர் போட்ட பதிவு கடைசி. நம் ஃபீடில் இந்த வரிசை தலைகீழாகத்தான் வருகிறது. கடைசியில் இருக்க வேண்டியது காலையிலும், வாசகம் மறுநாள் மாலையிலும் வந்து சேர்கிறது.

எக்ஸ் முன்பு ட்விட்டராக இருந்தபோது இதற்கு ஓரளவு மாற்று இருந்தது. 2009 முதல் நீலக்குறி என்றால், 'இவர் சொல்லிக்கொள்ளும் ஆள்தான் இவர்' என்று நிறுவனம் பார்த்துச் சொன்னதாகப் பொருள். 2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் 44 பில்லியன் டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்தார். இரண்டு வாரத்துக்குள், மாதம் 8 டாலர் கொடுத்தால் யாருக்கும் நீலக்குறி என்றானது. எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு அந்தக் குறியோடு 'இன்சுலின் இனி இலவசம்' என்று எழுதியது. திட்டத்தை நிறுத்திவைத்து, டிசம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். பழைய நீலக்குறிகளை 2023 ஏப்ரல் 20 அன்று எடுத்தார்கள். இன்று நீலம் என்றால் சந்தா கட்டியவர் என்று மட்டுமே கொள்ளலாம். அரசு அமைப்புகளுக்கும் அதிகாரிகளுக்கும் சாம்பல் நிறக் குறி, நிறுவனங்களுக்குத் தங்க நிறம். பதின்மூன்று ஆண்டுப் பழக்கத்தில் நீலத்தைப் பார்த்ததும் நம்புகிற கண்ணுக்கு, இந்த மாற்றத்தைச் சொல்லிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2023 ஜூலை முதல், சந்தா கட்டியவர்களுக்கு எக்ஸ் வருவாயில் பங்கு தருகிறது. பதிவுக்கு எவ்வளவு எதிர்வினை வருகிறதோ அவ்வளவு காசு. அமெரிக்க அரசியலைப் போல எதிர்வினை கிளப்பும் சரக்கு வேறு இல்லை என்பதால், அமெரிக்காவில் கால் வைக்காதவர்களும் அமெரிக்கக் கொடியைப் படமாக வைத்து எழுத வந்துவிட்டார்கள். 2025 நவம்பரில் எக்ஸ் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. 'தேசபக்த அமெரிக்கன்' பாணியில் எழுதிய பல கணக்குகள் வேறு கண்டங்களில் இருந்து இயங்கின.

அந்தப் பகுதியைப் பயன்படுத்துவது எளிது. கணக்கின் முகப்பில் 'இணைந்தது' என்று மாதமும் ஆண்டும் இருக்கும் இடத்தைத் தொட்டால் போதும். எந்த நாட்டில் இருக்கிறது, எத்தனை முறை பெயர் மாற்றியது, எந்த நாட்டுச் செயலிக்கடை வழியாக இணைந்தது எல்லாம் தெரியும். நாட்டைவிடப் பெயர் மாற்றங்களைக் கவனிப்பதே என் பரிந்துரை. இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் இருந்தால் நாடு தவறாகக் காட்டலாம், பயணத்தில் இருப்பவருக்கும் மாறலாம். நான்கைந்து முறை பெயர் மாறிய கணக்கு பெரும்பாலும் கூட்டத்தைச் சேர்த்துவிட்டுச் சரக்கை மாற்றிய கணக்கு.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பக்கமும் பழைய காவல் குறைந்திருக்கிறது. 2025 ஜனவரி 7 அன்று, அமெரிக்காவில் வெளியார் உண்மைச் சரிபார்ப்பை நிறுத்துவதாக அறிவித்து, பயனர்களே குறிப்பெழுதும் முறைக்கு மாறினார்கள். எக்ஸில் இருக்கும் கம்யூனிட்டி நோட்ஸ்தான் அதற்கு முன்மாதிரி. இந்தக் குறிப்புகள் பயனற்றவை என்று நான் நினைக்கவில்லை. வழக்கமாக எதிரெதிராக மதிப்பிடும் இரு தரப்பாரும் 'உதவியது' என்று சொன்னால்தான் குறிப்பு வெளியே தெரியும். அந்த ஏற்பாடு நல்லது. ஆனால் அதே காரணத்தால், சூடான அரசியல் விஷயத்தில் குறிப்பு தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். குறிப்பு இல்லை என்பதை 'சரியான செய்தி' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பு இருந்தால் அதன் வாசகத்தைவிட, அதில் கொடுத்துள்ள இணைப்பைத் திறந்து படியுங்கள்.

எக்ஸின் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'க்ரோக், இது உண்மையா?' என்று கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. 2024 ஜூலையில் பைடன் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகியதும், பல மாநிலங்களில் வாக்குச்சீட்டில் பெயர் மாற்றும் கெடு முடிந்துவிட்டது என்று க்ரோக் தவறாகச் சொன்னது. தேர்தலைக் கவனிக்கும் ஐந்து மாநிலச் செயலாளர்கள் மஸ்குக்குக் கடிதம் எழுதிய பிறகுதான், தேர்தல் கேள்விகளுக்கு அரசின் வாக்காளர் தளத்தைப் பார்க்கச் சொல்லும்படி அதை மாற்றினார்கள். கெடு, கட்டணம், தகுதி ஆகிய மூன்றையும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. 'இது எந்த ஆவணத்தில் இருக்கிறது?' என்று கேட்கலாம். கேட்டபின் அந்த ஆவணத்தைத் திறக்க வேண்டும்.

ஆவணத்தைத் திறப்பது பெரிய வேலை என்ற எண்ணம்தான் பலரைத் தடுக்கிறது. அதிபரின் ஆணை என்றால் வெள்ளை மாளிகை இணையதளத்தில் 'பிரசிடென்ஷியல் ஆக்‌ஷன்ஸ்' பகுதிக்குப் போங்கள். பக்கத்திலேயே 'ஃபேக்ட் ஷீட்' என்ற பெயரில் ஒரு சுருக்கமும் இருக்கும். அது விளம்பரக் குறிப்பு, சட்ட வாசகம் இல்லை. பல செய்திகள் அதை வைத்தே எழுதப்படுகின்றன. ஆணையில் முதல் பிரிவு பெரும்பாலும் காரணம் கூறுவது; பிரகடனத்தில் அது பிரிவுகளுக்கு முன்பே முன்னுரையாக வரும். அரசியல் பேச்சு அங்கேதான் நிறைய இருக்கும், மேற்கோள்களும் அங்கிருந்தே வரும். அதை முதலில் தாண்டிவிட்டு, அதற்கு அடுத்த பிரிவிலிருந்து படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு, விதிவிலக்கு யாருக்கு, எப்போது முடிகிறது என்ற நான்கும் அங்கே கிடைக்கும். கடைசியில் வரும் 'பொது விதிகள்' ஏறக்குறைய எல்லா ஆணைகளிலும் ஒரே வாசகம்தான்.

எச்-1பி பிரகடனத்தை இப்படிப் படித்திருந்தால், அது நீட்டிக்கப்படாவிட்டால் 12 மாதத்தில் காலாவதியாகும் என்பதும், நாட்டு நலன் கருதி ஒரு நபருக்கோ நிறுவனத்துக்கோ தொழில்துறைக்கோ விலக்கு தரலாம் என்பதும் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் பார்த்த பெரும்பாலான ஃபார்வர்டுகளில் இந்த இரண்டும் இல்லை.

ஆணையின் சொற்களிலும் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டும். 'இத்தனை நாட்களுக்குள் அமைச்சர் பரிந்துரை தர வேண்டும்' என்று இருந்தால் இன்றைக்கு எதுவும் மாறவில்லை என்று பொருள். 'இந்தத் தேதி முதல் நிறுத்தப்படுகிறது' என்றால் மாறிவிட்டது. ஃபீடில் இரண்டுக்கும் ஒரே தலைப்புத்தான்: 'ட்ரம்ப் அதிரடி'.

அடுத்து மசோதா. இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரே மசோதாவுக்குப் பல உருவங்கள் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்புவதற்கு வரி என்ற செய்தி நல்ல உதாரணம். 2025 மே மாதம் முதல் வரைவில் 5 விழுக்காடு. மே 22 அன்று பிரதிநிதிகள் அவை 215-க்கு 214 என்று நிறைவேற்றியபோது 3.5. செனட் மாற்றியது 1 விழுக்காடாக. ஜூலை 4 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்டது அந்த 1 விழுக்காட்டு வாசகத்தில்தான். அதுவும் ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர் காசோலை ஆகியவற்றைக் கொடுத்து அனுப்பினால் மட்டும். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, அமெரிக்காவில் வழங்கிய டெபிட், கிரெடிட் அட்டை மூலமோ அனுப்பினால் வரியே இல்லை. நடைமுறை 2026 ஜனவரி 1 முதல். ஆயிரம் டாலருக்கு 50 டாலர் என்று மே மாதம் வந்த பதிவைப் படித்து, இன்றும் அதையே சட்டம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படித்தது பொய்யில்லை. நடுவழியில் நின்றுபோன ஓர் உருவம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் மேலே ஒரு படிக்கட்டு மாதிரி கோடு வரும்: அறிமுகம், ஓர் அவை, மற்ற அவை, அதிபர், சட்டம். நிறம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு 'டெக்ஸ்ட்' தாவலில் உள்ள பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு கட்டத்து வாசகமும் தனித்தனியாக இருக்கும். சட்டமாகியிருந்தால் 'பப்ளிக் லா' என்று குறித்த வாசகத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன மசோதா பிரதிநிதிகள் அவையின் 1-ஆம் எண், நூற்றுக்கணக்கான பக்கம். முழுதும் படிக்கத் தேவையில்லை, 'ரெமிட்டன்ஸ்' என்று பக்கத்துக்குள் தேடினால் அந்தப் பிரிவுக்கே போய்விடலாம். கோடு 'அறிமுகம்' என்ற படியில் நின்றால், அந்தச் செய்திக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அறிமுகமாகும் மசோதாக்களில் பெரும்பாலானவை நாடாளுமன்றக் குழுவைத் தாண்டுவதே இல்லை. தாண்டினாலும், செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக வழக்கமாக 100-இல் 60 பேர் வேண்டும். பட்ஜெட் வழியாக வரும் மசோதாக்களுக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது. பண வரி போன மசோதா அந்த வழியில்தான், துணை அதிபரின் வாக்கையும் சேர்த்து 51-க்கு 50 என்று தப்பியது.

நீதிமன்றச் செய்தி இன்னும் வழுக்கலானது. பிறப்புக் குடியுரிமை பற்றிய 14160-ஆம் ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லையென்றால், அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. எச்-1பி, அவர்களின் துணைவருக்கும் பிள்ளைகளுக்குமான எச்-4 ஆகிய விசாக்களில் இருக்கும் குடும்பங்களின் வயிற்றில் புளியைக் கரைத்த ஆணை. 2025 ஜனவரி 20 அன்று கையெழுத்தானது. மூன்றாம் நாளே சியாட்டில் நீதிபதி ஒருவர் தடுத்தார். ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்ததும், 'பிறப்புக் குடியுரிமை ஒழிந்தது' என்று பதிவுகள் பறந்தன. அந்தத் தீர்ப்பு, ஆணை செல்லுமா செல்லாதா என்பதைத் தொடவே இல்லை. ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுமைக்கும் தடை போடலாமா என்ற கேள்விக்குத்தான் பதில் சொன்னது. ஜூலை 10 அன்றே நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஒருவர், பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவரையும் ஒரே வழக்குத் தரப்பாக ஏற்று மறுபடி தடுத்தார்.

உச்ச நீதிமன்றத் தளத்தில் தீர்ப்பைத் திறந்தால் முதல் சில பக்கங்களுக்கு 'சிலபஸ்' என்று பெயர். அது தீர்ப்பின் பகுதி இல்லை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஆனாலும் நமக்கு மிக உதவும் பக்கம் அதுதான். அதில் 'ஹெல்டு' என்ற சொல்லுக்குப் பின் வருவதைப் படியுங்கள். கேள்வி என்ன, பதில் என்ன என்று இரண்டு பத்தியில் தெரிந்துவிடும். கீழ் நீதிமன்றச் செய்தி என்றால், தடை எவ்வகை என்று பாருங்கள். 'தற்காலிகத் தடையாணை' வழக்கமாக 14 நாள் வரை. 'முதல்நிலை இடைக்காலத் தடை' வழக்கு முடியும்வரை நீளலாம். கோர்ட்லிசனர் என்ற இலவசத் தளத்தில் பல வழக்குகளின் ஆவணங்கள் கிடைக்கும்.

ட்ரம்ப் சொன்னதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குத் தனி வழி. அவர் முதலில் எழுதுவது தம் சொந்தத் தளமான ட்ரூத் சோஷியலில். பெரும்பாலானோர் அங்கே போவதில்லை என்பதால் போலிப் படங்கள் சுலபமாக ஓடுகின்றன. படத்தில் தேதியும் நேரமும் வெட்டப்பட்டிருந்தால் அதைப் பகிராதீர்கள். அவருடைய பதிவுகளையும் பேச்சுகளையும் தேதிவாரியாகச் சேர்த்துவைத்து, சொல் போட்டுத் தேட விடும் தொகுப்பு ஒன்றை ரோல் கால் இதழ் நடத்துகிறது, பெயர் ஃபேக்ட்பேஸ். படத்தில் உள்ள நான்கைந்து சொற்களை அங்கே இட்டுப் பாருங்கள்.

ஃபீடையும் கொஞ்சம் சீர்படுத்தலாம். எக்ஸில் இருப்பவர்கள் 'ஃபார் யூ' பக்கத்தை விட்டுவிட்டு ஒரு லிஸ்ட் போட்டுக்கொள்வது நல்லது. இருபது, இருபத்தைந்து கணக்குகள் போதும்: துறைகளின் அதிகாரபூர்வக் கணக்குகள், நீதிமன்றச் செய்தியாளர்கள் சிலர், குடிவரவு வழக்கறிஞர்கள் சிலர், இரு கட்சியிலும் எழுதத் தெரிந்தவர்கள் சிலர். லிஸ்டைப் 'பிரைவேட்' ஆக வையுங்கள், இல்லாவிட்டால் சேர்க்கப்பட்டவருக்கு அறிவிப்புப் போகும். முகப்பில் பின் செய்துவிட்டால் நேர வரிசையில் படிக்கலாம்.

எக்ஸைப் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையில் ஆளை அடையாளம் காண ஒரு நல்ல வசதி இருக்கிறது: சொந்த இணைய முகவரியையே பயனர் பெயராக வைக்கலாம். செனட்டர் ரான் வைடனின் பெயர் செனட் டாட் கவ் என்று முடிகிறது. டாட் கவ் முகவரி அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு மட்டும் கிடைப்பதால், அவர்தானா என்று யாரும் சான்று தரத் தேவையில்லை. முடிவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். கவ் என்ற எழுத்துகள் நடுவில் வந்து டாட் காம் என்று முடிந்தால் அது வேறு ஆள். பத்திரிகையோ அமைப்போ நடத்துபவர்கள் தாங்களும் இதைச் செய்யலாம். செட்டிங்ஸில் கணக்கு, அதற்குள் ஹேண்டில், 'சொந்த டொமைன் உண்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வரி தருவார்கள். அதை டொமைன் (இணைய முகவரி) விற்றவரின் தளத்தில், அந்த முகவரிக்கான பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் டெக்ஸ்ட் பதிவாகச் சேர்த்துவிட்டு 'வெரிஃபை' அழுத்த வேண்டும். உடனே ஏற்கவில்லையென்றால் பதற வேண்டாம். டிஎன்எஸ் மாற்றம் பரவச் சில நேரம் சில மணி ஆகும்.

எக்ஸை விட்டுப் போகிறவர்கள் முதலில் தம் பழைய பதிவுகளை எடுத்துக்கொள்ளட்டும். செட்டிங்ஸில் 'யுவர் அக்கவுன்ட்', அதற்குள் 'டவுன்லோடு ஆன் ஆர்க்கைவ்'. கடவுச்சொல்லும் குறியீடும் கேட்கும். கோப்பு தயாராக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஜிப் கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் பக்கத்தைத் திறந்து படங்கள் வருகின்றனவா என்று பார்த்த பிறகே கணக்கை முடக்குங்கள். முடக்கி 30 நாள் கழிந்தால் மீட்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது ஆர்எஸ்எஸ் எனும் பழைய செய்தியோடையைத்தான். அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரின் தளத்தில் 'எச்-1பி' என்று தேடிவிட்டு, அந்தத் தேடலுக்கே சந்தா போடலாம். மின்னஞ்சலாகவும் ஓடையாகவும் வரும், காசு கிடையாது. புதிய விதியோ அறிவிப்போ வெளியாகும் அன்றைக்கே பெட்டியில் விழுந்துவிடும். காங்கிரஸ் டாட் கவ்விலும் கணக்குத் திறந்தால் ஒரு மசோதா நகரும்போதெல்லாம் தகவல் வரும். நேரம் கணக்கிட: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வாஷிங்டனுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், மற்ற மாதங்களில் பத்தரை.

ஒரு முறை படித்தால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. எச்-1பி கட்டணம் பற்றி யுஎஸ்சிஐஎஸ் 2025 அக்டோபர் 20 அன்று மேலும் ஒரு விளக்கம் தந்தது: அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறி, அந்த மாற்றம் அங்கீகரிக்கப்படுபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. செப்டம்பரில் குழுவில் ஃபார்வர்டு செய்தவர்கள் இந்த விளக்கத்தையும் அதே குழுவில் போட வேண்டும். பழைய செய்தியைப் பதிலில் இணைத்து, 'இது மாறிவிட்டது, புதிய தேதி இது' என்று ஒரு வரி எழுதி. அங்கே முதுகலைப் படிப்பை முடிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இன்னும் செப்டம்பர் செய்தியோடுதான் இருக்கிறார்கள்.